பில் ஏறுகிறது, கஸ்டமர் கேர் கைவிரிக்கிறது: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

எங்கள் குடும்பத்தில் யாருடைய போன் பில் எகிறினாலும், யார் வீட்டு நெட் படுத்துக்கொண்டாலும், அந்தப் போன் சுற்றி வந்து என் கையில் விழும். சித்தி, மாமனார், மாடி வீட்டு டீச்சர் என்று ஏழெட்டு வருஷமாக இந்தப் பஞ்சாயத்து ஓடுகிறது. அதில் கற்றதை நோய்வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் நோய் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம், முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் கேரில் பேசுகிறவரிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு திரை, அதில் நாலைந்து பொத்தான், அவ்வளவுதான். நம் கோபம் அந்தத் திரையில் ஏறாது, புகார் எண் ஏறும். அந்த எண் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் கம்பெனிக்குக் கெடு ஓட ஆரம்பிக்கும். எண் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் கணக்கில் நீங்கள் பேசவே இல்லை. புகார் சொல்ல 198, இது இலவசம். 121 மாதிரியான எண்கள் தகவலுக்கு. அதில் ஆளோடு பேசினால் காசு பிடிக்கிற கம்பெனிகளும் உண்டு.

"மூன்று நாள் முன்னால் போட்ட காசு, பாதிக்கு மேல் காணோம்"

இது பெரும்பாலும் பெரியவர்களின் பிரீபெய்டு போனில் வரும் நோய். போன வருஷம் சித்தி போன் பண்ணினார். "டேய், அம்பது ரூவா போட்டு மூணு நாள்கூட ஆகல, பதினாலு ரூவாதான் நிக்குது. நான் யாருக்கும் பேசவே இல்லையே" என்றார். போனை வாங்கிப் பார்த்தால் குறுஞ்செய்திப் பெட்டியில் இருநூறுக்கு மேல் படிக்காத செய்திகள். நடுவில் ஒன்று, காலர் டியூன் சந்தாவுக்கு 36 ரூபாய் எடுக்கப்பட்டது என்றது. விசாரித்ததில் கதை வெளியே வந்தது. யாருக்கோ போன் போட்டபோது மறுமுனையில் முருகன் பாட்டு ஒலித்திருக்கிறது, இந்தப் பாட்டு வேண்டுமென்றால் நட்சத்திரத்தை அழுத்துங்கள் என்று குரல் வந்திருக்கிறது, சித்தியும் பக்தியோடு அழுத்தியிருக்கிறார். அடுத்து வந்த உறுதிச் செய்திக்கும் என்னவென்று தெரியாமலே பதில் போட்டிருக்கிறார்.

செய்ய வேண்டியது: அதே போனிலிருந்து 155223-க்கு, ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று டைப் செய்து அனுப்புங்கள், அல்லது அந்த எண்ணை அழையுங்கள். மதிப்புக்கூட்டுச் சேவைகளை நிறுத்துவதற்கென்றே எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வைத்த இலவச எண் அது. என்னென்ன சந்தா ஓடுகிறது என்று பட்டியல் வரும், வேண்டாததை நிறுத்தலாம்.

அப்புறம், காசைத் திரும்பக் கேளுங்கள். 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவின்படி இந்த மாதிரி சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதிக்க வேண்டும். ஆகவே "நான் கேட்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், "இரண்டாவது சம்மதம் எப்போது, எப்படிக் கிடைத்தது என்ற பதிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு வாக்கியத்துக்கே பல முறை காசு திரும்பியிருக்கிறது. கழிந்த அன்றோ மறுநாளோ கேட்டுவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் வாதம் நீளும். (சித்தி விஷயத்தில் சம்மதம் பதிவாகியிருந்தது. காசு போனது போனதுதான். பாட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.)

சந்தா எதுவும் இல்லை, ஆனாலும் காசு குறைகிறது என்றால் டேட்டாவைச் சந்தேகியுங்கள். டேட்டா பேக் இல்லாத சிம்மில் இணையம் திறந்து கிடந்தால் மெயின் பேலன்ஸ் கரையும். 1925-க்கு ஸ்டாப் என்று அனுப்பினால் டேட்டா மூடிக்கொள்ளும், பிறகு வேண்டுமென்றால் ஸ்டார்ட். இதற்கும் அடங்கவில்லையா, பிரீபெய்டுக்கும் அழைப்புவாரியான கணக்கு கேட்கலாம். கடந்த ஆறு மாதம் வரைக்கும் உள்ள கணக்கை 50 ரூபாய்க்கு மேல் வாங்காமல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கடையில் இருப்பவருக்கே இது தெரியாது, எழுத்தில் கேளுங்கள்.

"திட்டம் மாறவில்லை, பில் மட்டும் ஏறியிருக்கிறது"

முதலில் போன மாத பில்லையும் இந்த மாத பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்துக் கொதிப்பதால் ஒன்றும் தெரியவராது, எந்த வரி புதிதாக முளைத்தது என்பதுதான் கேள்வி. நான் பார்த்த வரையில் குற்றவாளிகள் இவர்கள்தான்:

ஜிஎஸ்டி. பிரீபெய்டு விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். போஸ்ட்பெய்டிலும் பிராட்பேண்டிலும் விளம்பரத்தில் போடுவது வரிக்கு முந்தைய விலை. 799 ரூபாய்த் திட்டம் என்றால் 18% சேர்ந்து கையிலிருந்து போவது 942 ரூபாய் 82 காசு. இதில் சண்டை போட ஒன்றுமில்லை. திட்டம் எடுக்கும் முன்பே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பில். மாத நடுவில் இணைப்பு எடுத்திருந்தால் அந்த அரை மாதத்துக்கும் அடுத்த முழு மாதத்துக்கும் சேர்த்து வரலாம். இரண்டாவது பில்லில் சரியாகிவிடும், ஆகவில்லையென்றால் புகார்.

சலுகை முடிந்தது. ஆறு மாதம் இலவச ஓடிடி, ஆறு மாதம் கட்டணக் குறைப்பு என்று கொடுத்தது காலாவதியாகி, முழு விலை ஏறியிருக்கும். இணைப்பு கொடுத்த நாளில் வந்த மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். கேபிள்கார அண்ணன் வாய்வார்த்தையாகச் சொன்ன "வருஷம் முழுக்க இதே ரேட்டு சார்" எந்தக் காகிதத்திலும் இருக்காது.

தாமதக் கட்டணம். கெடு தேதிக்கு மறுநாள் கட்டினாலும் நூறு ரூபாய் அளவுக்குத் தாளிக்கிறார்கள். யுபிஐ-யில் கட்டிய ரசீதில் தேதி இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். வங்கியில் அன்றே கழிந்து கம்பெனிக் கணக்கில் மறுநாள் ஏறியிருந்தால் அது உங்கள் தவறில்லை.

இது எதுவுமே இல்லாமல், திட்டத்தின் அடிப்படை விலையே உயர்ந்திருக்கிறது என்றால், திட்டத்தில் சேர்ந்து எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணுங்கள். சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாடிக்கையாளருக்குப் பாதகமாக அந்தத் திட்டத்தின் கட்டணத்தை ஏற்றக் கூடாது. வருஷத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டியிருந்தால் அந்த வருஷம் முழுக்கவும் தொடக் கூடாது. ஆறு மாதம் தாண்டிவிட்டதா? அப்போது விலையை நிர்ணயிப்பது கம்பெனியின் உரிமை. டிராய் கட்டணத்தைக் கம்பெனிகளிடமே விட்டு வைத்திருக்கிறது. அதனால்தான் 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் ஒரே வாரத்தில் விலையை ஏற்ற முடிந்தது. 2019 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இதே மாதிரி அடுத்தடுத்து ஏற்றினார்கள். அதில் கஸ்டமர் கேரைத் திட்டி ஆகப்போவது எதுவுமில்லை. உங்கள் கையில் இருப்பது வேறு திட்டம், அல்லது கடைசியில் சொல்லப்போகும் போர்ட்டிங், அதாவது எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போவது.

"மாதம் ஒரு ரீசார்ஜ்தான், ஆனால் வருஷக் கணக்கு இடிக்கிறது"

28-ஐ 13-ஆல் பெருக்குங்கள், 364. மாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது நான்கு வாரம், ஆகவே வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். 2024 ஜூலை ஏற்றத்தில் ஜியோவின் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் திட்டம் 239-லிருந்து 299 ஆனது. அறுபது ரூபாய்தானே என்று தோன்றும். பதின்மூன்று தடவைக்கு 780 ரூபாய். வீட்டில் நாலு போன் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் டிராய் இதற்கு ஒரு வழி செய்தது: ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆப்பில் முதல் பக்கத்தில் இருக்காது. வேலிடிட்டி வாரியாக வடிகட்டிப் பாருங்கள். எடுக்கும் முன் மொத்த விலையை நாளால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்ப்பது நல்லது, சில 30 நாள் திட்டம் 28 நாள் திட்டத்தைவிடக் கூடுதலாகவே விழும்.

"அம்மா பேச மட்டும்தான் போன் வைத்திருக்கிறார், டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம்"

2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றை எல்லோரும் தர வேண்டும், சிறப்பு வவுச்சர்களின் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கலாம் என்றது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. அப்போது 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டியும், வருஷத்துக்கு நெருக்கமாக ஒன்றும் வைத்தார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இது போதும். கடைக்காரரிடம் "டேட்டா இல்லாத பேக்" என்று அழுத்திச் சொல்லுங்கள், சும்மா "அன்லிமிடெட் போடுங்க" என்றால் டேட்டா உள்ளதைத்தான் போடுவார்.

ஊரில் சும்மா கிடக்கும் இரண்டாவது சிம் செத்துவிடுமோ என்ற பயத்துக்காக மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறவர்களும் உண்டு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் எண்ணை எடுக்கலாம், அப்போதும் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும்.

"வெளிநாடு போகவே இல்லை, பில்லில் சர்வதேச ரோமிங்"

தனுஷ்கோடிப் பக்கம் போனீர்களா? அரிச்சல்முனையில் நின்றால் நம் கோபுரத்தைவிட இலங்கைக் கோபுரம் பலமாக எட்டும் நேரம் உண்டு. போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தியும் காட்டும். குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள், பின்னணியில் அந்தப் போட்டோக்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும். சர்வதேச ரோமிங் திறந்திருக்கும் போஸ்ட்பெய்டு இணைப்பில்தான் இது வேலையைக் காட்டும். கிளம்பும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி நம் கம்பெனியைப் பிடித்து வையுங்கள். பில் வந்துவிட்டதென்றால், அந்தத் தேதியில் ராமேஸ்வரத்தில் தங்கிய அறையின் ரசீது, டோல் ரசீது எதையாவது இணைத்துப் புகார் கொடுங்கள். இந்தியாவில்தான் இருந்தேன் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

"நூறு எம்பிபிஎஸ் என்று காசு வாங்குகிறார்கள், படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது"

இதில் பாதி நேரம் பிழை கம்பெனியுடையது, பாதி நேரம் நம் வீட்டுடையது. யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டு போன் பண்ணினால் சண்டை பாதியில் முடியும். இல்லாவிட்டால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற மந்திரத்தைத்தான் மூன்று முறை கேட்பீர்கள்.

ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். லாஸ் (LOS) என்ற விளக்கு அணைந்திருக்க வேண்டும். சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து வெளிச்சமே வரவில்லை, அதாவது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் வராது. பெட்டிக்குப் பின்னால் போகும் மெல்லிய கம்பியைப் பாருங்கள், பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். சோபாவை நகர்த்தியபோது சுவரோடு நசுங்கியிருக்கலாம். அதைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். வீட்டுக்குள் எல்லாம் சரியென்றால் தெருவில்தான் கோளாறு: மரம் வெட்டியது, கம்பம் மாற்றியது, எலி கடித்தது. எங்கள் தெருவில் ஒரு தடவை அணில். 2021-ல் மின்துறை அமைச்சர் மின்தடைக்கு அணில் காரணம் என்றபோது ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தவன்தான், கடித்த கம்பியைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனால் வேகம் இல்லை என்றால், வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராகப் பெட்டியில் செருகிச் சோதியுங்கள். கேபிளில் முழு வேகம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் கம்பெனி மேல் குற்றமில்லை. போன் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பிடித்திருக்கும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஆனால் அது இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் கேபிளில் 94, 95-லேயே நிற்கிறதா? அது கையெழுத்து மாதிரி ஒரு அடையாளம். எங்கோ ஒரு பழைய போர்ட்டோ, எட்டு இழைக்குப் பதில் நான்கு இழை மட்டும் இணைத்த கேபிளோ இருக்கிறது. நல்ல கேபிளாக மாற்றினால் தீர்ந்தது. இன்னொரு குழப்பம்: 100 மெகாபிட் வேகத்தில் ஒரு ஃபைல் இறங்கினால் திரையில் விநாடிக்கு 12 மெகாபைட் சொச்சம்தான் காட்டும். எட்டால் வகுத்துக் காட்டுகிறது, யாரும் ஏமாற்றவில்லை.

கேபிளிலும் குறைவு என்றால் காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 9 மணி என்று மூன்று நாள் சோதித்து, தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். காலையில் 98, இரவில் 11 என்றால், உங்கள் ஏரியாவுக்கு வரும் குழாயில் அளவுக்கு மீறி வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது படத்தையும் புகாரோடு வைத்தால் ரவுட்டர் மந்திரம் நின்றுவிடும். எந்த நேரத்திலும் ஒரே மாதிரி ஆமை வேகம் என்றால் ஆப்பில் மாதப் பயன்பாட்டைப் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்பதிலும் 3,300 ஜிபி மாதிரி ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், தாண்டினால் வேகத்தைப் பிடித்துவிடுவார்கள். சாதாரணக் குடும்பம் அதைத் தாண்டுவது அபூர்வம், யாராவது சிசிடிவியை நாள் முழுக்க இணையத்தில் ஏற்றினால் ஒழிய.

நெட் முழுக்கப் படுத்துக் கிடந்தால் புகார் கொடுத்த தேதி முக்கியம். லேண்ட்லைன், ஃபைபர் இணைப்புகளில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீண்டால் வாடகையில் கழிவு தர வேண்டும். பில்லில் கழிவு வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேளுங்கள். தானாக ஏறி நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

"கஸ்டமர் கேரில் ஆளே வருவதில்லை"

தமிழுக்கு ஒன்றை அழுத்து, பில்லுக்கு மூன்றை அழுத்து, போன பில்லைக் குறுஞ்செய்தியில் பெற ஒன்றை அழுத்து, முதன்மைப் பட்டியலுக்குத் திரும்ப நட்சத்திரம். இப்படியே சுற்றிவிட்டுத் தானே துண்டித்துக்கொள்ளும். ஒருமுறை புதிய இணைப்பு வேண்டும் என்பதற்கான எண்ணை அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது ரிங்கில் "வணக்கம் சார்!" அவரால் பில்லைத் தொட முடியாது, ஆனால் உரிய இடத்துக்கு மாற்றிவிட்டார். எல்லா நாளும் பலிக்காது.

போனில் மல்லுக்கட்டுவதைவிட ஆப்பிலோ இணையதளத்திலோ மின்னஞ்சலிலோ புகாரைப் பதிவு செய்வது மேல். எங்கே பதிந்தாலும் புகார் எண் குறுஞ்செய்தியில் வர வேண்டும். போனில் பேசினால், "எண் வந்துவிட்டது, படிக்கிறேன், சரியா?" என்று கேட்ட பிறகே வையுங்கள். பேசியவர் பெயர், நேரம், சொன்ன கெடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் டைரியின் கடைசிப் பக்கங்கள் இதற்குத்தான்.

கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். பில்லின் பின்பக்கத்திலும் கம்பெனி ஆப்பிலும் உள்ளதை மட்டும் நம்புங்கள். தேடலில் மேலே வரும் எண்ணில் பேசுகிறவர் மிகவும் மரியாதையாக, உடனே எடுப்பார். அதுவே முதல் சந்தேகம். பிறகு ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார், பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார். எக்ஸ் தளத்தில் கம்பெனியைத் திட்டிப் பதிவு போட்டால் அதற்குக் கீழேயும் இவர்கள் போலிப் பெயரில் வந்து நிற்பார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வருகிறது, எதுவும் தீரவில்லை"

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். கோபத்தில் புதிதாக இன்னொரு புகார் கொடுப்பார்கள், புது எண், கெடு முதலிலிருந்து. நான்கு புகார் எண் சேர்ந்தாலும் ஒன்றுக்கும் மதிப்பிருக்காது. அப்படிச் செய்யாமல் அதே பழைய எண்ணோடு மேலே போங்கள்.

2012-ல் டிராய் போட்ட புகார் தீர்வு விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சலும் தொலைபேசியும் கம்பெனி இணையதளத்தில் இருக்கும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள். புகார் தீர்ந்ததாகச் சொன்ன நாளிலிருந்தோ, கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்லும் இரண்டு பேர் குழுவில் ஒருவர் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர்.

எழுதுவதை நீட்டாதீர்கள். மாடி வீட்டு டீச்சருக்காக நான் அனுப்பியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"செப்டம்பர் 4 அன்று இணைப்பைத் துண்டிக்கக் கோரினேன், கோரிக்கை எண் கீழே. செப்டம்பர் 9 அன்று உங்கள் ஊழியர் ரவுட்டரைப் பெற்றுச் சென்றார், ஒப்புகைப் படம் இணைப்பு. அதன் பிறகும் அக்டோபருக்கு 1,060 ரூபாய் 82 காசு பில் வந்துள்ளது. அக்டோபர் 12 அன்று கொடுத்த புகார் தீர்க்கப்பட்டதாக 14 அன்று செய்தி வந்தது, பில் நீக்கப்படவில்லை. பில்லை ரத்து செய்து, டெபாசிட்டைத் திருப்பித் தந்து, பாக்கி இல்லை என்ற கடிதம் தர வேண்டுகிறேன்."

"மன உளைச்சல்", "பதினைந்து வருட வாடிக்கையாளர்" எல்லாவற்றையும் டீச்சர் சேர்த்திருந்தார், நான் வெட்டினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பன்னிரண்டாம் நாள் பில் ரத்தானது.

அங்கும் நடக்கவில்லையென்றால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு: தொலைபேசியில் 1063, அல்லது மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம். புகார் எண், மேல்முறையீட்டு எண் இரண்டும் கேட்பார்கள். இங்கே பதிந்த பிறகு கம்பெனியிலிருந்து வரும் போனில் குரலே வேறாக இருக்கும். டிராய்க்கு எழுதாதீர்கள். 1997-லிருந்து விதி வகுப்பதும் கண்காணிப்பதும்தான் அதன் வேலை, தனிநபர் புகாரை எடுத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

"இணைப்பை மூடி வருஷமாகிறது, வசூல் ஆள் மிரட்டுகிறார்"

மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். நாம் செய்யும் தவறு, கேபிள்கார அண்ணனிடம் வாயால் சொல்லிவிட்டு வீடு மாறுவது. கோரிக்கை எண் வாங்குங்கள், ரவுட்டரைக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணோடு போட்டோ எடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்டோபே வைத்திருந்தால் யுபிஐ ஆப்பில் போய் நீங்களே ரத்து செய்யுங்கள், கம்பெனி செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

மிரட்டல் வந்துவிட்டதா? போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், "பாதியாவது கட்டி முடிச்சிருங்க சார்" என்பதற்கு மசியாதீர்கள். எந்த மாத பில், எந்த இணைப்பு, யார் சார்பாகப் பேசுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் லோக் அதாலத் நோட்டீஸ் என்று வரும் படத்தைக் கண்டு நடுங்க வேண்டாம். வழக்கு எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுச் சரிபாருங்கள். அது நீங்கள் எடுக்கவே எடுக்காத எண்ணுக்கான பில் என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்து, உங்களுடையது அல்ல என்று அங்கேயே குறிக்கலாம்.

"எல்லாம் செய்தாயிற்று, பணம் திரும்பவில்லை"

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். கம்பெனியோடு பேசித் தீர்த்து வைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

தொலைபேசித் தகராறெல்லாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வராது என்று யாராவது சொன்னால், அவர் 2009-ல் நிற்கிறார். அந்த வருஷம் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, பழைய தந்திச் சட்டத்தின் நடுவர் முறைதான் வழி என்றது. 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில் அதே நீதிமன்றம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவாக்கிவிட்டது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் முடியும். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 300 ரூபாய்க்குப் போவதா என்றால், அது உங்கள் நேரத்தையும் பிடிவாதத்தையும் பொறுத்தது. நான் போனதில்லை. மாமனார் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை போனார், முதல் விசாரணைக்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

"போதும், ஆளை விடுங்கள்"

போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். வரும் குறியீட்டைப் போகப்போகும் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும், அது நான்கு நாள் செல்லும். இதே கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது, அண்மையில் சிம் மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். குறியீடு வராததற்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். தகராறில் உள்ள பில்லைப் பாக்கி என்று காட்டித் தடுத்தால், "தகராறுக்கு உட்பட்டு" என்று எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள், பணத்தை மேல்முறையீட்டில் பிறகு கேட்கலாம். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள்) என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். போகப்போகும் கம்பெனியின் சிக்னல் உங்கள் படுக்கையறையில் கிடைக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் போனில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு போன் வரும். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்த அதே கம்பெனி. ஏன் சார் போறீங்க, உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் பிளான் இருக்கு என்பார்கள். சில நேரம் நல்ல விலையாகவே இருக்கும். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் யோசிக்கலாம். எனக்கு இதுவரை ஒரு தடவைதான் வந்தது, சித்தியின் எண்ணுக்கு. அவர் அங்கேயே இருந்துவிட்டார், முருகன் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.